பத்துக் குடம் மெத்தை

தண்ணீர் மெத்தை எடுக்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். மூடியைப் பார்ப்பதில்லை. மூடி கால்மாட்டில் இருக்கவேண்டும் சார். தலைமாட்டில் இருந்தால் படுத்திருப்பவர் கண்ணில் படும்.

எதிர்வீட்டு ஆண்டாளம்மாள் குளிக்கப்போன இடத்தில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மூன்று மாதம் படுக்கையில் இருந்தால் எழுந்து நடந்துவிடுவாள் என்றார் டாக்டர். மகன் தினகரனும் மருமகளும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பார்த்துக்கொள்ள நான் போனேன். உத்திரமேரூரில் பாதி ஊர் அவளைப் பார்க்க வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்க இடமில்லை. வருகிறவர்களுக்கு நாலு சேதி சொல்ல ஒருத்தி வேண்டாமா? நான்தான் சொன்னேன்.

ஒருநாள் மாகறல் டிரைவர் மகள் எவனோடோ ஓடிப்போன கதையில் இருந்தேன். நல்ல கட்டம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் வாயைத் திறந்தாள்.

“ஓடவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு வேலூர்ல நர்ஸுக்குப் படிச்சிகினு கீது. இன்னாடி பவளம், நான் படுத்துகினுதான் கீறேன், செத்துடல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் தினகரன் கேட்டான். “முதுகுல புண்ணு வராம இருக்க மெத்த வேணுமாம். நீயே பாத்து எடுத்தாந்துடு அத்தே.”

பஜாரில் மஹபூப் பாஷா மெத்தைகளை வாடகைக்கு விடுகிறார்.

“காத்து மெத்த எடுத்துக்கம்மா. மோட்டார் கீது, கொறஞ்சா தானா ரொப்பிக்கும். தண்ணி மெத்தன்னா பத்துக் கொடம் ஊத்தணும். அமுக்கினா கை கட்டில்ல இடிக்கக் கூடாது. இடிச்சா வெறும் பலகையில படுத்த மாதிரிதான்.”

பொறுமையான மனிதர். தண்ணீர் மெத்தையை எடுத்தேன். மோட்டார் சத்தத்தில் அவள் தூக்கம் கெட்டுவிடும் என்றேன்.

பத்துக் குடமும் தினகரன் கண்ணெதிரில்தான் ஊற்றினேன். பிறகு தினமும், அவன் வேலைக்குப் போனதும், மூடியைத் திறந்து இரண்டு சொம்பு வடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செடி தளதளவென்று வந்தது.

மெத்தை கட்டையாக இருப்பதாக அவள் மகனிடம் சொல்லியிருக்கிறாள். “படுத்தே கீறவங்களுக்கு எதுவும் கட்டையாத்தான் தெரியும் நைனா” என்றேன். அவன் ஓரத்தில் தட்டிப் பார்த்தான். ஓரத்துக்கு ஒதுங்கியிருந்த தண்ணீரில் மெத்தை தளும்பி ஆடியது. நம்பினான்.

புண் முதலில் பொட்டு அளவு. அப்புறம் உள்ளங்கை அளவு. மருந்து வைத்துக் கட்டியதும் நான்தான். வேறு யாரையும் பார்க்க விடவில்லை, பயந்துபோவார்கள். பிறகு காய்ச்சல் கண்டது. ஐம்பதாவது நாள் அவளுக்குப் பேச்சு நின்றது. அன்று மாகறல் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மெத்தையைத் திரும்ப எடுக்க வந்த பாஷா தண்ணீரை வடித்தார். மூன்று குடம்கூட வரவில்லை. “மீதி எங்கம்மா போச்சு?” என்று என்னைத்தான் கேட்டார். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள் சார். பொறாமை என்று மட்டும் போடாதீர்கள். அவளிடம் எனக்கு என்ன பொறாமை? அவள் செத்த சேதி தினகரனுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறு தெருவுக்குச் சொல்லி முடித்தவள் நான்.