இருபது லிட்டர் கேன்

ஆண்டர்சன்பேட்டையில் குடிதண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புது ஜோடி. நிரம்பிய கேனின் கைப்பிடியில் துண்டை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். தெருவே பார்க்கிறதென்று அவன் எட்டியே நின்றான்.

"இருபது கிலோ, ரெண்டு பேரு. ஆளுக்குப் பத்துதானே? எனக்கே இருபது மாதிரி இருக்குது."

"நேரா மேல தூக்கினாதாங்க பத்து. நீங்க அந்தாண்ட இழுக்கறீங்க, நான் இந்தாண்ட இழுக்கறேன். அந்த இழுப்பெல்லாம் கேனைத் தூக்காது. கிட்ட வாங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கை வலிக்குது."

தோள் உரசுமளவுக்கு வந்தான்.

"அட, ஆமா! நாளைக்கு ரெண்டு கேன் எடுத்துக்கினு வரலாமா?"

"வேணாங்க. அப்புறம் ஆளுக்கு ஒண்ணா தூக்கிக்கினு தனித்தனியா நடக்கணும்."