கடைசி ஆள் வந்து சேர்ந்ததும்

புதுக் காலணியோடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். முதல் நாளே கொப்புளம் போட்டுவிடும். அதன்பிறகு சொன்ன பேச்சைக் கேட்பார்கள். லயனல் கார்பட் முப்பது வருடம் பழகிய காலணியோடு வந்திருந்தார். அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர்.

யார்க்ஷயர் மலைகளில் பத்தொன்பது ஆண்டுகளாக நடைப்பயண வழிகாட்டியாக இருக்கிறேன். ஞாயிறுதோறும் எங்கள் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவனும் நான்தான். இந்த வாரம் எட்டுப் பேர். லயனல் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், வயது எழுபத்திரண்டு. முதல் நாள் மாலை விடுதியில் என்னைத் தனியே அழைத்தார்.

"வில்ஃப், எனக்கு இதயத்துல கோளாறு. ஏத்தத்துல அப்பப்ப பத்து நிமிஷம் உட்காரணும். நெஞ்சு பிடிச்சா நாக்குக்கடியில அடிச்சுக்கற மருந்து பையில இருக்கு. மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க, பாவம் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மீறும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டாம் நாள், தலைக்கு மேல் பாடிக்கொண்டு போன பறவையை வானம்பாடி என்று காட்டினேன். "அது நெட்டைக்காலிங்கற குருவிப்பா. வழிகாட்டின்னு சட்டையில எழுதிக்கிட்டா போதுமா?" என்றார் லயனல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எல்லோரும் அவருடைய வரைபடத்தைச் சுற்றி நின்றார்கள். எந்தப் பக்கம் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அன்று இரவு உணவை என்னால் முடிக்க முடியவில்லை.

குழுவாக நடக்கும்போது, முன்னால் போனவர்கள் காத்திருந்து கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் கிளம்புவது வழக்கம். இதில் ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. முன்னால் போனவர்கள் கால் மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து நிற்கும்போது அவர்கள் எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைக்காது. நல்ல வழிகாட்டி இன்னும் பத்து நிமிடம் பொறுப்பார். நானும் எப்போதும் பொறுத்திருக்கிறேன். நான்காம் நாள் பொறுக்கவில்லை.

பெரிய ஏற்றத்தில், முதல் கற்சுவரருகே அவர் வந்து சேர்ந்ததும் எழுந்தேன். "எல்லாரும் வந்தாச்சா? கிளம்பலாம்." அவர் பையின் வாரை இறுக்கிக்கொண்டு நடந்தார். கேட்டு உட்காரும் மனிதர் அல்ல அவர். அது எனக்குத் தெரியும்.

இரண்டாவது நிறுத்தத்தில் டோரீன் தன் இஞ்சிக் கேக்கில் பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். எட்டுப் பேரில் ஒருத்தி, லீட்ஸில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள்.

"கொஞ்சம் உட்காரட்டுமே வில்ஃப். மனுஷன் மூஞ்சி மாவு மாதிரி வெளுத்திருக்கு."

"மழை வருது டோரீன்."

மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"ஏறிடலாம்மா. அந்த நெட்டைக்காலிக்காக ஐயா என்னைப் பழி வாங்கறார்" என்று சிரித்தார் லயனல்.

"பையைக் குடுங்க, நான் சுமக்கறேன்" என்றேன்.

"நல்ல மனுஷன்யா நீங்க" என்று கழற்றிக் கொடுத்தார். மருந்து அந்தப் பையில்தான் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கே மறந்திருக்க வேண்டும்.

உச்சியில் காத்திருந்தோம். டோரீன் அவருக்குத் துணையாகப் பின்தங்கிவிட்டாள். சற்று நேரத்தில் கீழேயிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது: "பை! அவரோட பையக் கொண்டாங்க!"

யாரும் நகர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். இடையில் மூன்று வேலிக்கதவுகள். மூன்றையும் மூடித் தாழிட்டேன். ஆடு மேயும் இடம். திறந்து போட்டுவிட்டுப் போவது ஒழுங்கல்ல. ஒரு தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. அது விழும்வரை நின்றேன்.

டோரீன் தன் மழைச்சட்டையை அவர்மேல் போர்த்தி, தலையை மடியில் வைத்திருந்தாள். "ஓடி வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். நான் வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். ஆம். பைக்குக் கை நீட்டியபோதே நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அத்தனை பேர் இருந்தும், அவருடைய சுமையை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான் ஒருவன்தான்.