நீல மூடி பாட்டில்

ஓட்ஸ் ஊறவைப்பதில் பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு, பாலைக் கொட்டிவிடுவது. காலையில் திறந்தால் கூழாய் ஓடும். ஓட்ஸ் எவ்வளவோ அவ்வளவே பால், அதில் பாதி தயிர், ஒரு சிட்டிகை உப்பு. இனிப்பாகச் செய்தாலும் உப்பு வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தால், நாம் தூங்குகிற நேரத்தில் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உட்காருங்கள். எழுதிக்கொள்கிறவர் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஒரு கால் குட்டை, கொஞ்சம் கவனம். இந்த மேசையில்தான் எல்லாம் செய்தேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், அதனால் அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த ஓட்ஸை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான், என் தம்பியின் மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. காலையில் தலை வாரவே நேரம் இருக்காது. முதல் நாள் சாயங்காலமே பாட்டிலில் எல்லாவற்றையும் போட்டுக் கலந்து வைத்துவிட்டு, மறுநாள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாள். தம்பிக்குச் சிவப்பு மூடி, தனக்கு நீல மூடி. கல்யாணமாகி வந்த புதிதில் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அவள் வேலை முடிந்து களைத்து வருவதைப் பார்த்து, இதை நானே செய்கிறேன், நீ போய்ப் படு என்று வாங்கிக்கொண்டேன். வாழைப்பழமும் பட்டைத்தூளும் ஒரு நாள், பேரீச்சையும் ஏலக்காயும் ஒரு நாள், கோகோ ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போடுவேன். அவள் செய்ததைவிட நான் செய்தது நன்றாக இருக்கும். அவளே சொல்லியிருக்கிறாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். அம்மா போனபோது தம்பி பால்பல் விழாத பிள்ளை. அவனுக்கு முதல் ஷூவைப் போட்டுவிட்டவள் நான். ஷூ கடிக்கிறது என்று அழுவான். கொஞ்சம் பொறுடா, பழகிடும் என்பேன். பழகியது. கடையிலும் இதே பேச்சுதான் எனக்கு. இறுக்குகிறது என்று முகம் சுளிக்கிறவர்களிடம், போட்டு நடங்க, பழகிடும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். காலில் புண்ணோடு திரும்பி வந்து சண்டை போட்டவர்களும் உண்டு. அவர்கள் பாதியில் விட்டவர்கள். விடாமல் போட்டிருந்தால் தோல் தடித்துப்போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்போது மனுஷ உடம்பு எம்மாத்திரம்.

இப்போது வேர்க்கடலைக்கு வருகிறேன்.

என் தம்பிக்கு வேர்க்கடலை என்றால் உயிர். பள்ளிக்கூடப் பை, சட்டைப் பை, படுக்கை விரிப்பு என்று எதை உதறினாலும் கடலைத்தோல் விழும். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் ராத்திரி நான் வறுத்துக் கொடுக்கிற ஒரு கை கடலை இல்லாமல் அவன் படுத்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் இந்த மேசையில் உட்கார்ந்து தோலை ஊதிக்கொண்டே பேசிக்கொண்டிருப்போம். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள், யார் பயந்து கத்தினார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்துக்காகத்தான் நான் நாள் முழுக்க அடுத்தவர் கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்த வாரமே எங்கள் இருவரையும் இங்கே உட்காரவைத்துப் பேசினாள். "அக்கா, இது ஒண்ணு மட்டும் எனக்காகப் பாத்துக்கணும். கடலை துளி பட்டாலும் என் உடம்பு தாங்காது. தொண்டை அடைச்சிடும், மூச்சு விடமுடியாது." அப்படி ஆனால் உடனே போட வேண்டிய, பேனா மாதிரி ஒரு ஊசியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். தொடையில் வைத்து அழுத்தி அப்படியே பிடிக்க வேண்டும் என்று, மருந்தில்லாத ஒரு வெற்றுப் பேனாவை வைத்துப் பழக்கினாள். தம்பி தலைகீழாகப் பிடித்தான். நான் முதல் தடவையே சரியாகச் செய்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்குப் பயமே இல்லக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே தம்பி கடலை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான். முகத்தில் துளி வருத்தம் இல்லை. சிரித்துக்கொண்டே கையைக் கழுவினான். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நேற்று வந்தவள் வேண்டாம் என்றதும், இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு கைகழுவலில் விட்டுவிட்டானே என்று இருந்தது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அவள்மேல் கோபப்படவில்லை. அவள்மேல் கோபப்பட முடியாது. ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, மறுநாளே கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்து, இதோ இந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு இப்படி ஒரு குறை இருக்கலாமா என்றுதான் நினைத்தேன். பயந்து பயந்தே உடம்பைப் பொத்தி வளர்த்திருக்கிறார்கள், யாராவது பழக்கிவிட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்று தோன்றியது. டாக்டர்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிறார்கள் என்று கடைக்கு வந்த ஒரு அம்மாள் சொன்னார். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு செய்வார்கள் என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடலையை வறுத்து, தோல் நீக்கி, மாவாகப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டேன். கோகோ போடுகிற நாளில், கரண்டி நுனியில் ஒட்டுகிற அளவு. இந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் அந்த அளவு என் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது. அவள் சாப்பிட்டாள். சாயங்காலம் வந்து உதடு அரிக்கிறது என்றாள். புது லிப்ஸ்டிக்கைக் குப்பையில் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு துளி பட்டாலும் மூச்சு நின்றுவிடும் என்றவள் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

பிறகு அளவைக் கொஞ்சம் கூட்டினேன். சில நாள் தடிப்பு வந்தது. சில நாள் கண் வீங்கியது. ஒரு நாள் இழுப்பு வந்து, வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். அப்படி வந்தால் அடுத்த நாள் விட்டுவிடுவேன். நான் ஒன்றும் இரக்கமில்லாதவள் இல்லை. வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், நெஞ்சை நீவிவிடுவேன். என் மடியில் தலை வைத்துத் தூங்குவாள். டாக்டர் சாப்பாட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாராம். "எங்க வீட்டுல அக்கா சமைக்கிறாங்க, என்னைவிட அவங்கதான் கவனமா இருப்பாங்கன்னு சொன்னேன்" என்று அவள் வந்து சொன்னபோது, அவள் தலையைக் கோதிவிட்டேன்.

அங்கேதான் காரியம் கெட்டது. சாப்பாட்டில் தப்பில்லை என்றதும் டாக்டர் வீட்டைச் சந்தேகப்பட்டார். பழைய கட்டடம், சுவரில் ஈரம், பூஞ்சை, தூசி என்று ஏதேதோ சொல்லி, வீடு மாற்றிப் பாருங்கள் என்றார். திரைச்சீலைகளைத் துவைத்தேன். அலமாரியின் பின்பக்கத்தைக்கூடத் தேய்த்துக் கழுவினேன். ஆனாலும் தம்பி ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே பேசினான். "அக்கா, அவ வேலை பாக்கற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீடு பாத்திருக்கோம். ஒரே ரூம்தான். உன்னை வாராவாரம் வந்து பாத்துக்கறேன்."

வாராவாரம் என்றான், என்னவோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைப் பார்க்க வருகிற மாதிரி.

யோசித்துப் பார்த்தேன். குற்றம் என்மேல்தான். துளித்துளியாகக் கொடுத்து இழுத்தடித்துவிட்டேன். அவள் உடம்பு சீக்கிரம் பழகியிருந்தால் டாக்டரிடம் போயிருக்க மாட்டாள், வீட்டைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், யாரும் எங்கேயும் போக வேண்டியிருந்திருக்காது. ஷூவைக்கூட அரை மணி போடுவதும் கழற்றுவதுமாக இருந்தால் கால் பழகவே பழகாது. ஒரே மூச்சில் போட்டு நடந்துவிட வேண்டும்.

அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், கோகோ, வாழைப்பழம், பட்டைத்தூள், ஏலக்காய் நான்கையும் சேர்த்துப் போட்டேன். வாசனை தூக்கலாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதில் ஒரு கரண்டி வேர்க்கடலை மாவு. கரண்டி நுனி இல்லை, நிறைகரண்டி. தெரிந்துதான் போட்டேன். கலக்கி, நீல மூடியைப் போட்டு இறுக்கினேன். பிறகு அவள் கைப்பையிலிருந்து அந்த ஊசியை எடுத்து வேர்க்கடலை மாவு டப்பாவுக்குள் வைத்து மூடி, பரணில் ஏற்றினேன். ஊன்றுகோல் கையில் இருக்கிறவரை யாரும் நடந்து பழகமாட்டார்கள். அதற்காகத்தான்.

காலையில் தம்பி வண்டியை எடுக்கக் கீழே போனான். அவள் இங்கே, இந்த ஜன்னல் ஓரம், நின்றுகொண்டே சாப்பிட்டாள். லீவு நாள் என்பதால் ஓட்டம் இல்லை, ரசித்துச் சாப்பிட்டாள். "இன்னைக்கு ரொம்ப நல்லாருக்குக்கா. புது வீட்டுக்கு வந்ததும் இதை எனக்குச் சொல்லித்தாங்க" என்றாள். பாதி பாட்டில் காலியாகியிருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கைப்பையை எடுத்துத் துழாவினாள். பிறகு தரையில் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, சில்லறை எல்லாம் உருண்டன. பேச முடியவில்லை. என்னைப் பார்த்துத் தன் தொடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எனக்கு எல்லாம் தெரியும், நான்தான் முதல் தடவையே சரியாகச் செய்தவள் என்று அவள் நம்பினாள்.

நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். "பதறாதே, கொஞ்சம் பொறு. பழகிடும்" என்றேன்.

தம்பி கீழேயிருந்து ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். நான் ஜன்னலுக்குப் போகவில்லை. அவள் என் கையை விடவில்லை, பாவம், எப்படிப் போவது. அவன் மேலே ஏறி வந்தபோது அவள் கை தளர்ந்திருந்தது. ஊசி எங்கே என்று அவன் என்னைப் பிடித்து உலுக்கினான். எனக்கு எப்படித் தெரியும், அவள் பையில்தானே இருக்கும் என்றேன். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் நீல மூடி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் கைப்பையை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு, பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் கடலைதான் காரணம் என்றார்கள். எங்கள் வீட்டில் கடலையே கிடையாது என்று தம்பி அவர்களிடம் சத்தியம் செய்தான். அப்போதும் என் பக்கம்தான் நின்றான். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தேநீர் போட, தூள் தேடிப் பரணில் கை விட்டிருக்கிறான். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்தது என் புத்திக்கேடு. டப்பாவைத் திறந்தபடியே கொண்டுவந்து இந்த மேசையில் என் முன்னால் வைத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களிடம் சொன்னதை அவனிடமும் சொல்லியிருப்பேன். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான்.

கொல்ல நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். அவளைக் குணப்படுத்தத்தான் நினைத்தேன். அப்படியானால் ஊசியை ஏன் ஒளித்தீர்கள், ஹாரன் அடித்தபோது ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். உங்கள் வேலை கேட்பது, கேளுங்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் போட்டேன், நான் ஒளித்தேன், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு உதவி செய்யுங்கள். ஃப்ரிட்ஜில் சிவப்பு மூடி பாட்டில் ஒன்று இருக்கிறது, நேற்றுச் செய்தது. தம்பி அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. நான் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கோபம்தான், கொஞ்ச நாளில் பழகிவிடும். படிக்கட்டைத் தாண்டிப் போகும்போது நீங்கள் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். கடலை நிறையப் போட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். இனி இந்த வீட்டில் அதற்குத் தடை ஒன்றும் இல்லையே.