அழுக்காகாத மாஸ்க்

விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் பீங்கான் கம்பெனியில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள். இருவர் தலைமுடியிலும் வெள்ளைத் தூசி. இளையவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“போட்டா மாஸ்க்கு அழுக்காயிடும்க்கா.”

மூத்தவர் தொழிற்சங்கத்தில் இருப்பவர் போலிருக்கிறது. மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

“அழுக்கு அதுல ஒட்டணும்னுதாண்டி வாங்குனது. நாலு மாசம் மனு குடுத்து, மூணு நாளு கம்பெனி கேட்டுல உக்காந்து வாங்குனோம். எங்க வெச்சிருக்க?”

“வூட்டு பீரோவுல. கவரு கூட பிரிக்கல. ஆபீசரு செக்கிங் வந்தா போட்டுக்கலாம்னு.”

“அவரு வர அன்னைக்கி மட்டுந்தான் மூச்சு வுடுவியா?”

“அதில்லக்கா. பழசானா வேற குடுக்க மாட்டாங்க.”

“குடுப்பாங்க. அதையும் எழுதி வாங்கியிருக்கோம். கூட்டத்துல படிச்சுக் காட்டும்போது நீ தூங்கிட்டு இருந்த.”

இளையவள் மறுபடி இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“மாஸ்க்கு போனா வேற கேட்டு வாங்கித் தரேன்,” என்றார் மூத்தவர். “நெஞ்சு போச்சுன்னா எந்த கேட்டுல போயி உக்காரட்டும், சொல்லு.”