அமிர்தவள்ளியின் பெயரில் அச்சாகாதவை

தலைவர் இஷ்தியாக் அகமது சாகிபு அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, கடைசி வரிசையில் இடம் தரப்பட்டிருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

செல்வி அமிர்தவள்ளி மறைந்து பதினோரு நாள் ஆகிறது. விஷஜுரம். வயது இருபத்து மூன்று.

எனக்கு முன் ஆறு பேர் பேசினார்கள். அடக்கமானவர் என்றார்கள். குணவதி என்றார்கள். நம் பத்திரிகை வகுப்பின் பெருமை என்றார்கள். அவர் என்ன எழுதினார் என்று ஒருவராவது சொன்னாரா? படித்திருந்தால்தானே சொல்ல.

நம் வாரப் பத்திரிகை அலுவலகத்தில், செய்தி எழுதக் கற்பிக்கும் மாலை வகுப்பு 1934 ஏப்ரலில் தொடங்கியது. பதினான்கு நாற்காலிகள். பதின்மூன்றில் ஆண்கள். சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு வந்த நானும் அதில் ஒருவன். பதினான்காவதில் அமிர்தவள்ளி.

எங்களுக்குக் கோர்ட், முனிசிபாலிட்டி, ரயில் நிலையம். அவருக்கு மாதர் பகுதி. ஊறுகாய் பற்றி எழுதச் சொன்னார்கள். அவருக்கு ஊறுகாய் போடத் தெரியாது. பக்கத்து வீட்டு மஹ்பூபி அம்மாளைக் கேட்டு எழுதினார். அடுத்தது குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது. இரண்டின் அடியிலும் ‘ஒரு சகோதரி’ என்று அச்சிட்டார்கள். குடும்பப் பெண்ணின் பெயர் கடைத்தெருவில் அடிபடக் கூடாதாம். ஊறுகாய் அடிபடலாம்.

பிறகு அவரே கேட்டார், தோல் பதனிடும் ஷெட்டுக்குப் போகிறேன் என்று. தனியாக அனுப்ப மனமில்லாமல் ஆசிரியர் ஆதிகேசவன் அவர்கள் என்னைத் துணைக்கு அனுப்பினார். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிர் களையும் பெண்கள், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் அன்னம்மாள். “இன்னா சார், நீங்க நிக்கிற வரைக்கும் இங்க ஒருத்தியும் வாய் தொறக்க மாட்டா. அந்த ஆவாரம்பட்டை குவியலாண்ட போய் நில்லுங்க. பாப்பா, நீ உக்காரும்மா.”

“நானும் எழுத வந்தவன்தாம்மா” என்றேன்.

“நீங்க எழுதுனா எங்க கையை வுட்டுட்டு மொதலாளி மோட்டாரை எழுதுவீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் நின்றேன். ஒரு மணி நேரம்.

அமிர்தவள்ளி கொண்டுவந்தது இது: சுண்ணாம்பு நகத்தை அரிக்கிறது. கை கழுவத் தண்ணீர் இல்லை. அதே கையால் பிள்ளையை எடுத்துப் பால் கொடுக்கிறார்கள். பிள்ளைகளின் உதடு வெந்திருக்கிறது. பதின்மூன்று ஆண்களில் யாரால் இதைக் கேட்டு வந்திருக்க முடியும்?

ஆசிரியர் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பொண்ணு பேரைப் போட்டா பேஜாருப்பா. உன் பேரைப் போட்டுடறேன். உனக்கும் ஒண்ணு கம்மியாத்தானே இருக்கு?”

அமிர்தவள்ளி சொன்னார்: “போடுங்க சார், தண்ணி வந்தா சரி.” என்னிடம் திரும்பி, “தப்பிருந்தா இப்பவே பாத்துடுங்க. கெடப் போறது உங்க பேருதான்.”

கட்டுரை வந்த பத்தாம் நாள் அந்த ஷெட்டில் தண்ணீர்த் தொட்டி வந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. வாங்கிக்கொண்டேன்.

வகுப்பின் விதி உங்களுக்குத் தெரியும். ஆண்டு முடிவுக்குள் சொந்தப் பெயரில் மூன்று கட்டுரைகள் அச்சாக வேண்டும். இல்லையேல் இடம் போய்விடும். எனக்கு என்னுடையவை இரண்டு, அவருடையது ஒன்று. மூன்று. அவரும் மூன்று எழுதியிருந்தார். அவர் பெயரில் ஒன்றும் இல்லை. மார்ச்சில் அவர் நாற்காலி போயிற்று. ஏப்ரலில் அதில் இன்னொரு ஆண் உட்கார்ந்தார். நான் வாய் திறக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை, அவர் படுத்துக் கிடந்தபோதும் இல்லை.

இன்று அவரை வகுப்பின் பெருமை என்கிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

இன்னும் கேளுங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ஆரோக்கியமேரி என்பவர் வகுப்பில் சேர மனுப் போட்டார். சென்ற வாரம் மனு திரும்பிவிட்டது. ஊர் சுற்றியதால்தான் அமிர்தவள்ளிக்கு ஜுரம் வந்ததாம். ஆகவே பெண்களுக்கு இந்தத் தொழில் ஆகாதாம். நாங்கள் பதின்மூன்று பேரும் சுற்றாத ஊரா? எங்களில் ஒருவனுக்கு ஜுரம் வந்தால் ஆண்களுக்கு ஆகாது என்று வகுப்பை மூடுவீர்களா? மனுவோடு வந்த பதிலின் கடைசி வரியில் இன்னொரு காரணம்: இடம் இல்லை.

இப்போது தீர்மானம் வாசிக்கப் போகிறீர்கள், அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று. எந்தப் பணியை? ஊறுகாயையா?

என் பங்குக்கு இரண்டு செய்திருக்கிறேன். தோல் ஷெட் கட்டுரையை எழுதியவர் அமிர்தவள்ளி, என் பெயர் பொய் என்று நான்கு வரி எழுதி ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டேன். அதன் கீழே என் பெயரைத் தாராளமாகப் போடலாம். இரண்டாவது, வகுப்பிலிருந்து விலகிவிட்டேன். ஆகவே இடம் இருக்கிறது.

ஆரோக்கியமேரி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். நாளை மாலை வகுப்பில் என் நாற்காலியில் வந்து உட்காருவார். எழுப்ப நினைப்பவர்கள், பெயர் சொல்லி எழுப்புங்கள்.