நாய்ப் பூங்காவில் ஒரு பச்சைப் புள்ளி

— பலகையில அம்பத்து மூணு சிவப்புப் புள்ளி, ஒரே ஒரு பச்சை. டீகன், நான் சொல்றேன் கேளு கண்ணு, அந்தப் பச்சையை ஒட்டினது யாருன்னு நீ பாத்திருப்பே.

— பாத்திருந்தாலும் சொல்லக்கூடாது நோரீன். சிவப்புன்னா நாய்ப் பூங்கா இங்கேயே இருக்கட்டும். பச்சைன்னா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாத்தலாம். யார் எதை ஒட்டுறாங்கன்னு எங்க நகரக் கவுன்சில்ல குறிச்சு வைக்கிறதில்லை. அப்புறம்... கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்.

— ஏன், இது என்ன லைப்ரரியா? இருபது நாய் குரைக்கிற இடத்துல என் ஒருத்தி வாய்தான் உனக்கு உறுத்துதா? ப்லாகோ, கேட்டியா இந்தக் கூத்தை?

— கேட்டேன், கேட்டேன். சாசேஜ் தீயுது. திருப்பிட்டு வர்றேன். ரொட்டிக்குள்ள வெங்காயம் வைக்கட்டுமா உனக்கு?

— வை, நிறைய வை. கண்ணு, நீ இந்த வேலைக்குப் புதுசு. சாசேஜ் சுடுறானே இந்தக் கிழவன், இவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?

— ப்லாகோயான்னு படிவத்துல எழுதியிருக்காரு. சொந்தப் பேர் எழுதினது இவர் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் பேர்ங்கிற இடத்துல நாய் பேரை எழுதிட்டாங்க. ஒருத்தர் "பிஸ்கட்டோட அப்பா"ன்னு கையெழுத்தே போட்டிருக்காரு.

— பிஸ்கட் அப்பா நல்ல மனுஷன். அவரோட நிஜப் பேரு எனக்கும் தெரியாது. அதை விடு. ப்லாகோயாதான் எங்களுக்கு ப்லாகோ. மாசிடோனியாவுல இருந்து வந்து இறங்கினதும் நேரா இரும்பாலைக்குள்ள போனவன். முப்பத்தொரு வருஷம் உலை முன்னால வெந்தான். பென்ஷன் வாங்கினதும் உக்காந்தானா? அந்த ரெட்டைக் கதவைப் பாரு. முதல் கதவு மூடினப்புறம்தான் ரெண்டாவதைத் திறக்கணும், இல்லேன்னா நாய் ரோட்டுக்குப் போயிடும். உங்க ஆளுங்க மாட்டின கதவு காத்துல ஆடிக்கிட்டே கிடந்துச்சு. இவன் பழைய சங்கிலியில ஒரு இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டான். அன்னையிலிருந்து தானா மூடுது. ஏழு வருஷமா ஒரு நாய் வெளிய ஓடலை.

— அந்தக் குண்டு ஆலைல தூக்கிப் போட்டது. சும்மா கிடந்துச்சு.

— குழாயடியில சிமெண்ட் போட்டது யாரு? மழைன்னா அங்க முழங்கால் சேறு. தண்ணித் தொட்டி, வெயிலுக்குக் கூரை, எல்லாம் இவன் கை. ஒரு பியருக்குக்கூட வாயைத் திறந்து கேட்டதில்லை.

— கேக்கலை. குடுத்தாங்க, குடிச்சேன்.

— இப்ப இவனைப் போயி ரயில் பாதை மேம்பாலத்துல ஏறுன்னு சொல்றீங்க. நாப்பத்தாறு படி, நான் எண்ணிப் பாத்தேன். இவன் முட்டிக்குள்ள இரும்பு வச்சிருக்கு. இவன் நாய் ஷார்க்கோவுக்கு வயசு பதினாலு, அதைத் தூக்கிக்கிட்டுத்தான் ஏறணும். வீடு இருக்கிறது நாலு வீடு தள்ளி. பெண்டாட்டி போனப்புறம் இவன் வாயைத் திறந்து பேசுறது இந்த வேலிக்குள்ள மட்டும்தான். இடத்தை மாத்தினா இவன் வீட்டுக்குள்ளேயே முடங்கிடுவான். இதை எழுதிக்கோ.

— எழுதிக்கிட்டேன், நோரீன்.

— இருக்கட்டும், நோரீன். என்னைப் பத்தி எழுத வேண்டாம்.

— உனக்கு எல்லாமே இருக்கட்டும்தான். அந்தப் பச்சை யாருதுன்னு எனக்குத் தெரியும் ப்லாகோ. வேலியை ஒட்டி இருக்கே, பதினோராம் நம்பர் வீடு. ஜன்னல் முழுக்க சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி வச்சிருக்காங்க. யார் செய்வா அப்படி? உள்ள விளக்கைப் போட்டுக் கஞ்சா வளக்கிறவங்கதான் செய்வாங்க. கூட்டம் வந்தா அவங்களுக்கு ஆகாது. போன மாசம் நான் போலீசுக்கே போன் போட்டேன்.

— நீங்களா போட்டது?

— நானேதான் கண்ணு. பட்டப்பகல்ல ரெண்டு பேர் வந்து கதவை இடிச்சாங்க. ஒண்ணும் கிடைக்கலையாம்.

— கிடைக்காது.

— உனக்கு எப்படித் தெரியும் ப்லாகோ?

— என் வீட்டு ஜன்னல்லயும் அதே தாள் இருந்துச்சு. முப்பத்தொரு வருஷம். பொண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தக் கருத்துக் கேக்கிற கூட்டம் இன்னும் எத்தனை நாள் இருக்கு?

— இன்னைக்குப் பத்துல இருந்து பன்னிரண்டு வரை. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

— எல்லாம் பகல்ல.

— ஆமா. எல்லாம் பகல்லதான்.

— நைட் ஷிஃப்ட் பாக்கிறவன் எப்ப வருவான்? அவன் அப்பத் தூங்கிக்கிட்டு இருப்பான். நோரீன், அந்தத் தாள் கஞ்சாவுக்கு இல்லை. வெயில் உள்ள வரக்கூடாதுன்னு ஒட்டுறது. திரை போதாது, ஓரத்துல வெளிச்சம் வந்துடும். தாள்னா அடுப்பாங்கரையில இருக்கும், காசு அதிகமில்லை. எங்க தெருவுல எந்த ஜன்னல் மின்னுச்சோ அது நைட் ஷிஃப்ட் வீடு. பசங்க அந்த வீட்டு முன்னால பந்து விளையாட மாட்டாங்க.

— எனக்கு யாரும் சொல்லலையே இதை.

— உன் வீட்டுக்காரர் பாங்குல இருந்தாரு. உனக்கு எப்படித் தெரியும்? காலைல ஆறரைக்கு நானும் ஷார்க்கோவும் இங்க வருவோம். அப்ப ஒரு பொம்பளை பஸ்ஸுல இருந்து இறங்கி வரும். வெள்ளை ஷூ, தோள்ல பை. நடையைப் பாத்தாலே தெரியும். எங்க எல்லாருக்கும் அதே நடைதான். அந்த வீட்டுக்குள்ள போகும். ஏழு மணிக்கு நாயெல்லாம் வந்துடும்.

— ஏழுன்னா நான்தான் முதல் ஆள். என் நாய் டச்சஸ் வேலியோரமா நின்னு...

— ஆமா. டச்சஸ்தான் ஆரம்பிச்சு வைக்கும்.

— நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல கிழவா.

— சொன்னா நீ மட்டும் நிறுத்துவே. மத்த பத்தொன்பது? நாய் குரைக்கும், அது மேல தப்பு இல்லை. நான் ஆலைல இருந்தப்ப எதிர் வீட்ல ஹான்ரஹன் அம்மா ரெண்டு வேட்டை நாய் வச்சிருந்தாங்க. தினம் காலைல ஏழுக்கு ரெண்டையும் இழுத்துக்கிட்டு கடற்கரைக்குப் போவாங்க. மதியம்தான் திரும்புவாங்க. அவங்களுக்குக் கடல்னா உயிர் போலன்னு நானும் நினைச்சிருந்தேன். அவங்களைப் புதைச்ச அன்னைக்கு அவங்க மகன் சொன்னான், அம்மாவுக்கு மணலே ஆகாது, கால் வெடிச்சு ரத்தம் வரும்னு.

— உனக்காகவா அலைஞ்சாங்க?

— நான் தூங்கணும்னுதான். ஒரு நாள்கூட என்கிட்ட சொல்லிக்காட்டலை. என் கூட வேலை பாத்த ரிஸ்தோ வீட்டுப் பக்கத்துல அப்படி ஒரு அம்மா இல்லை. நாலு நாள் தூங்காம வந்து நின்னான், மெஷின்ல வலது கையை விட்டுட்டுப் போனான். நான் ரெண்டு கையோட இருக்கேன். அந்தக் கையாலதான் நோரீன்... பச்சை என்னுது.

— உன்னுதா?

— போன வாரம் நீ முதல் கூட்டம் முடிச்சு நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தே. அப்ப ஒட்டினேன்.

— நாப்பத்தாறு படி, ப்லாகோ.

— நீ எண்ணினே. நானும் ஏறிப் பாத்தேன். ரெண்டு தடவை நின்னு நின்னு ஏறிட்டேன்.

— ஷார்க்கோ?

— பாதி தூரம் தூக்கினேன். பாரம்தான். இருக்கட்டும்.

— இருக்கட்டும், இருக்கட்டும். உன் இருக்கட்டும்ங்கிறதைக் கொண்டுபோய் உலையில போடு. உனக்காக ஊரெல்லாம் கதவு தட்டி அம்பத்து மூணு சிவப்பு சேத்தேன். நீ மூச்சு விடாம மறுபக்கம் போய் நின்னுட்டே. உன்னைத் திட்டவும் முடியலை. நான் சொல்றேன் கேளு. இடம் மாறினா, தினமும் நான் வண்டி கொண்டு வருவேன். சுத்துப் பாதையில போகலாம். ஷார்க்கோ பின்னால ஏறிக்கட்டும், நீ முன்னால உக்காரு. ஆனா வாய் பேசாம வந்தியோ, பாலத்துக்கு அடியிலேயே இறக்கி விட்டுடுவேன்.

— டச்சஸ் மடியில உக்காருமா?

— உக்காரும். கடிக்கும். கண்ணு, என் சிவப்பை உரிக்கலாமா?

— உரிச்சு மாத்தி ஒட்டலாம். விதிமுறையில இடம் இருக்கு.

— குடு ஒரு பச்சை. நீயும் ஒண்ணு ஒட்டேன், நீ இந்த ஊர்க்காரிதானே? காலையிலிருந்து பலகையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே, உனக்குன்னு ஒரு புள்ளி இல்லையா?

— எனக்கு இல்லை, நோரீன். நான் ஒட்டவும் கூடாது, எந்தப் பக்கமும் பேசவும் கூடாது. ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்.

— அப்படி ஒரு சட்டமா? சரி, நான் ஒட்டிட்டேன். ப்லாகோ, அந்த வெங்காய ரொட்டியைத் தாள்ல சுத்திக் குடு. பதினோராம் நம்பர் கதவைத் தட்டிக் குடுத்துட்டு, போலீசைக் கூப்பிட்டது நான்தான்னு மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்.

— வேண்டாம் நோரீன், தட்டாதீங்க. எங்கம்மா இப்பத்தான் கண் அசந்திருப்பாங்க.