மெத்தைக்கு இன்னும் அஞ்சு வருஷம்

இந்த மெத்தை பத்து வருஷம் உழைக்கும்ங்கிறே. உழைக்கட்டும், நான் என்ன வேணாம்னா சொன்னேன்? ஆனா எனக்கு எழுபத்தி மூணு முடிஞ்சு போச்சு தம்பி. ஒன்பதாவது வருஷம் இது பல்லிளிச்சா, அந்த கியாரண்டி சீட்டைத் தூக்கிட்டு யாரு வந்து உன்கிட்ட சண்டை போடறது? நீயே அப்ப இந்தக் கடையில இருப்பியா? பார்த்தா உனக்கும் நாப்பத்தஞ்சு இருக்கும்போல, முன்னாடி முடியெல்லாம் கொட்டிப் போச்சு... கோச்சுக்காதப்பா, கண்ணுல பட்டதைச் சொன்னேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் படுத்திருக்கேன், அதையும் பார்த்துக்கோ.

ம்ஹூம், இது சரிப்படாது. மெத்துமெத்துனு இருக்கு. உள்ள போன ஆளு வெளிய வர ரெண்டு பேரு வேணும். கையக் குடு... ஆங். அடுத்ததுல படுத்துப் பார்க்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், எனக்கு இன்னிக்கே வேணும். நாளைக்கு நாளன்னைக்குங்கற பேச்சே கூடாது. என் வீட்டுக்காரி சாயங்கால பஸ்ல வர்றா. பதினாறு நாளா தங்கச்சி வீட்டுல இருக்கா. வந்ததும் நேரா படுக்கையறையத்தான் எட்டிப் பார்ப்பா. அங்க பழைய மெத்தை கெடந்துச்சுன்னு வெய்யி, கையில இருக்கற பையைக்கூடக் கீழ வெக்காம அப்படியே திரும்பிடுவா. அவளுக்குக் கோவம் லேசுல வராது, வந்தா லேசுல போகாது.

ஏன் போனாளா? அதெல்லாம் உனக்கெதுக்கு, நீ மெத்தை விக்கற ஆளு, மெத்தையப் பத்திப் பேசு... சரி, கேட்டுட்டே, சொல்லிடறேன்.

எல்லாம் அந்தப் பூங்காவுல ஆரம்பிச்சது. காலையில நாங்க நாலு கெழவனுங்க நடக்கறோம். நடக்கறோம்னு பேரு, ரெண்டு சுத்து சுத்தினா அப்புறம் பெஞ்சுதான். ஒரு நாள் எங்க போஸ்ட் மாஸ்டர் புது பெல்ட்டு கட்டிட்டு வந்தாரு. ரிட்டயர் ஆகி பதினஞ்சு வருஷம், இன்னும் போஸ்ட் மாஸ்டர்தான். வயித்தைத் தட்டிக் காமிச்சு, என் ஆயுசுல நான் வாங்கற கடைசி பெல்ட்டு இதுதான்யான்னாரு. அப்ப அவரு மொகத்தைப் பார்க்கணுமே, பரீட்சையில மொத மார்க்கு வாங்கின மாதிரி. டிராயிங் மாஸ்டருக்குப் பொறுக்கல. எனக்குக் குடை, சூட்கேஸ், ஏணி மூணும் முடிஞ்சுதுன்னாரு. ஒரு படி ஏறினா தலை சுத்தற ஆளுக்கு ஏணி எதுக்குய்யான்னு கேட்டேன். அதனாலதான் அது தேயவே தேயாதுங்கறாரு! நாலாவது ஆளு பல்லு வெளக்கற பிரஷ்ஷையே முடிச்சுட்டாரு, ஏன்னா பல்லு ஒண்ணுகூட பாக்கியில்ல. அப்புறம் தெனமும் இதே போட்டிதான். யாரு வீட்டுல என்னென்ன முடிஞ்சுது, இனிமே கடைப்பக்கமே போக வேண்டாத பொருளு யாருக்கு ஜாஸ்தின்னு.

நான் சும்மா இருப்பேனா? முப்பத்தி நாலு வருஷம் பம்பு செய்யற கம்பெனியில ஸ்டோர் கீப்பர் தம்பி நான். போல்ட்டு, பேரிங்கு, வாஷரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை தொங்கும். என்னிக்கு வந்துச்சு, எத்தனை மாசம் தாங்கும், அடுத்தது எப்ப வாங்கணும். அட்டையில எழுதாம ஒரு நட்டு வெளிய போகாது. மேனேஜரே வந்து நின்னாலும் கையெழுத்தைப் போட்டுட்டு எடுத்துக்குங்க சார்னுடுவேன். அந்தக் கை சும்மா இருக்குமா? வீட்டுல ஒரு நோட்டு போட்டேன். மொத கட்டத்துல பொருளு. ரெண்டாவதுல அது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும். மூணாவது கட்டம்... அதை அப்புறம் சொல்றேன். தாங்கும்னு பட்டா செகப்புப் பென்சில்ல ஒரு டிக்கு. இனி வாங்க வேண்டாம்னு அர்த்தம். சுத்தியல், டிக்கு. டார்ச் லைட்டு, டிக்கு. நகவெட்டி இருக்கே, அது நான் போனப்புறமும் ரெண்டு தலைமுறைக்கு வெட்டும், அதுக்கும் டிக்கு. கறுப்பு ஷூ, கல்யாணங்காச்சின்னா மட்டும் போடறது. இப்ப நம்மள எவன் கூப்புடறான், டிக்கு. மொத்தம் நாப்பத்தி ஏழு பொருளு. போஸ்ட் மாஸ்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு ரெண்டு நாள் எங்கூடப் பேசல. வயித்தெரிச்சல்.

இது பரவாயில்லையே, கெட்டியா இருக்கு... ஆனா முதுகுல என்னமோ குத்துதே. ஓ, என் வீட்டுச் சாவி. சரி சரி.

வீட்டுக்காரிக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. வீட்டைக் குடோனாக்கிட்டீங்கன்னுவா. ஒரு நாள் தலகாணி உறை புதுசா வாங்கிட்டு வந்தா, பூப் போட்டது. நோட்டுல எழுதிக்கவான்னு கேட்டேன். இது தாங்கறதுக்காக வாங்கல, பிடிச்சிருந்துச்சு, வாங்கினேங்கறா. பிடிச்சிருந்தா வாங்கிடறதா? அறுபத்தெட்டு வயசுலயா? நீ ஏன் சிரிக்கறே?

சரி, விஷயத்துக்கு வர்றேன். பதினாறு நாளைக்கு முன்னாடி, ஒரு மத்தியானம். கண் டாக்டர்கிட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போனவ திரும்பி வந்தா. மொகமெல்லாம் சிரிப்பு. இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல, வாசல்ல நின்னுக்கிட்டே, நாம ஒரு புது மெத்தை வாங்கலாமாங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? மெத்தைக்கு டிக்கு போட்டு ஒரு மாசம்கூட ஆகல! இருக்கறதுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். பள்ளமாக் கெடக்குன்னா. வாஸ்தவம்தான், பள்ளம் என் பக்கம். நான் எம்பத்தெட்டு கிலோ, அவ அதுல பாதி இருந்தா ஜாஸ்தி. அசந்தா உருண்டு வந்து என்மேல விழுந்துடுவா. அதனால பதினொரு வருஷமா கட்டில் ஓரத்துக் கட்டையை ஒரு கையால புடிச்சுக்கிட்டேதான் தூங்கறாளாம். நான் பள்ளத்துல சொகமாக் கெடக்கறேன், எனக்கெங்க தெரியும்? நோட்டுல 'நல்ல நிலை'ன்னு எழுதி வெச்சிருந்தேன்.

வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். போய் நோட்டை எடுத்துட்டு வந்தேன். மூணாவது கட்டம்னு சொன்னேன் பாரு... அதுல, அந்தப் பொருளை உபயோகிக்கற ஆளு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு போட்டிருந்தேன். என்னப்பா அப்படிப் பார்க்கறே? கம்பெனியில மெஷினுக்குப் போடற மாதிரிதான். மெஷினு எத்தனை வருஷம் ஓடும்னு தெரிஞ்சாத்தானே உதிரிப் பாகம் எத்தனை வேணும்னு தெரியும்? எங்கப்பா எம்பத்தொண்ணுல போனாரு, அதனால எனக்கு எட்டு. வீட்டுக்காரியோட அம்மா எழுபத்தி மூணுல போனாங்க, அதனால அவளுக்கு அஞ்சு. நானா இட்டுக்கட்டல. விரலை வெச்சுக் காமிச்சேன். மெத்தைக்கு அஞ்சு, உனக்கு அஞ்சு, சரியாப் போச்சு, புதுசு எதுக்குன்னேன். எனக்கு மீதி மூணு வருஷம் இருக்கே, அதுக்கு நான் கட்டாந்தரையில படுத்துக்கறேன்னு வேற சொன்னேன், என்னமோ பெரிய தியாகம் பண்றாப்ல.

அவ கத்தல. அழல. நோட்டை மூடி என் மடியில வெச்சா. "எனக்கு அஞ்சு வருஷம்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அதை எங்க இருந்துக்கிட்டுக் கழிக்கறதுன்னு நான் முடிவு பண்ணிக்கறேன்"னா. ரெண்டு செட்டுத் துணியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா.

ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நெனச்சேன். பூங்காவுல போய் இதைப் பெருமையாச் சொன்னேன் வேற, அறிவு கெட்டவன். டிராயிங் மாஸ்டர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. போஸ்ட் மாஸ்டர் சிரிக்கல. எங்க வீட்டுல மூணாவது கட்டமே காலியாப் போச்சுய்யா, என்கிட்ட இதைச் சொல்லாதன்னு எழுந்து போயிட்டாரு. அவரு சம்சாரம் போயி நாலு வருஷம் ஆச்சு.

இன்னிக்குக் காலையில என் சகலை போன் பண்ணாரு, மச்சினிச்சியோட வீட்டுக்காரரு. அவரு எனக்குப் போன் பண்றதே வருஷத்துக்கு ஒருவாட்டி, அதுவும் தப்பா அமுக்கி. இன்னிக்குச் சரியாத்தான் அமுக்கினாரு. அவ போனது கண் டாக்டர்கிட்ட இல்லையாம் தம்பி. கக்கத்துல ஒரு கட்டி. ஒரு மாசமா அக்காவும் தங்கச்சியுமா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிருக்காங்க. ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி, அன்னிக்குத்தான் ரிசல்ட்டு வந்திருக்கு. ஒண்ணுமில்ல, வெறும் கொழுப்புக் கட்டி, தைரியமாப் போங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அந்தச் சந்தோஷத்துல பஸ்ஸை விட்டு எறங்கினவ நேரா இந்தக் கடைக்குள்ள வந்திருக்கா. ஒரு மெத்தையில உக்காந்தும் பார்த்தாளாம். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து எங்கிட்டக் கேட்டிருக்கா. ஆஸ்பத்திரியே விட்டுடுச்சு, நான் விடல. அஞ்சுன்னு காமிச்சேன்.

ஒரு மாசம் தம்பி. பக்கத்துலதான் படுத்திருந்தேன். என்கிட்டச் சொல்லணும்னு அவளுக்குத் தோணல பாரு. சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அஞ்சை அடிச்சுட்டு ரெண்டுன்னு போட்டாலும் போட்டிருப்பேன். அப்படிப்பட்ட ஆளுதான் நான்.

அவ எந்த மெத்தையில உக்காந்து பார்த்தான்னு கேக்கத்தான் வந்தேன். வாய் வரல, அதான் ஒவ்வொண்ணுலயா உருண்டுக்கிட்டிருந்தேன். ஒல்லியா இருப்பா. கண்ணாடி போட்டிருப்பா. உக்காந்தா ரெண்டு கையாலயும் துணியைத் தடவிப் பார்ப்பா... ஞாபகம் இருக்கா? இருக்கா? எதுல? அந்த ஜன்னலோரத்துல இருக்கறதுலயா? ரொம்ப நேரம் உக்காந்திருந்தாளா? நாளைக்கு வீட்டுக்காரரோட வர்றேன்னு... அப்படியா சொன்னா.

அதையே கட்டு. நான் படுத்துப் பார்க்க வேணாம்.

அட்ரஸ் எழுதிக்கோ. இது மச்சினிச்சி வீடு. ஆமா, என் வீடு இல்ல. சாயங்கால பஸ்ஸுல வர்றான்னு சொன்னது நானாச் சொல்லிக்கிட்டது, அவ போனை எடுத்தாத்தானே. அங்க ஹால்ல சோபாவுல படுக்கறாளாம், காலைக்கூட நீட்ட முடியாம. திரும்பி வர்றா, வரல, அது அவ இஷ்டம். எங்க படுத்தாலும் இதுல படுக்கட்டும். இல்லப்பா, ஒத்தை ஆளு சைஸெல்லாம் வேணாம், அவ உக்காந்து பார்த்தது எதுவோ அதுவே போகட்டும்.

வண்டி எப்ப கெளம்பும்? யாரு அனுப்பினதுன்னு அவ கேட்டா உங்க ஆளு எதுவும் சொல்ல வேணாம். அது... வந்து... நான்தான் சொல்லணும். டிரைவர் பக்கத்துல ஒரு ஆளு உக்கார எடம் இருக்குமா தம்பி? ஓரமா உக்காந்துக்கறேன். போற வழியெல்லாம் வாயே தொறக்க மாட்டேன்.